பாடசாலைத் தோட்டமும் நமது பிள்ளைகளும்

(தோட்டப் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் சேமநல உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கொழுந்து நிறுத்தக் கொஞ்சம் நேரமாகிவிட்டது என்று சொன்னார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கிறவர்கள் பலர். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். பாடசாலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒரு தோட்டம் போடப்போகிறார்கள் என்று அதிபர் அறிவித்த நாளிலிருந்து லயத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது எங்கள் காதுக்கும் வந்தது. "நாங்கதான் மண்ணுல கெடந்து சாகுறோம், எங்க புள்ளயும் மம்பட்டி புடிக்கவா ஸ்கூலுக்குப் போவுது?" என்று ஒரு அம்மா கேட்டாராம். அவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்தத் தோட்டங்களில் நான்கு ஐந்து தலைமுறையாக மண்ணை வெட்டியவர்கள் கேட்கும் கேள்வி அது. அதற்கு ஒழுங்கான பதில் சொல்லாமல் தோட்டம் போடக் கூடாது என்பது எங்கள் எண்ணம்.

பதிலைச் சொல்வதற்கு முன்னால், உங்களைக் கொஞ்ச தூரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். புத்தளம் மாவட்டத்துக் கரை. நம்மில் பலருக்கு அந்தப் பக்கம் புதிதல்ல. முன்னேஸ்வரம் திருவிழாவுக்குப் போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தலவில அன்னம்மாள் கோயிலுக்கு லொறி கட்டிப் போனவர்களும் இருக்கிறீர்கள். போகாதவர்கள் வீட்டிலும் அந்தக் கரை இருக்கத்தான் செய்கிறது. உங்கள் குசினியைப் பாருங்கள். கருவாடு கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது, உப்பு புத்தளத்திலிருந்து வருகிறது, தேங்காய் சிலாபம், குருநாகல் பக்கத்திலிருந்து வருகிறது, சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் கூட கற்பிட்டி மணல் தோட்டத்திலிருந்து வந்திருக்கலாம். நாம் தேத்தண்ணி கொடுக்கிறோம், அவர்கள் கறிக்குச் சாமான் கொடுக்கிறார்கள்.

தண்ணீராலும் நாம் உறவுக்காரர்கள்தான். மாத்தளை மாவட்டத்து மலைகளில் தொடங்கும் கலா ஓயா, கீழே இறங்கிப் போய்ப் புத்தளம் களப்பில் விழுகிறது. மலையில் மண் கழுவிப்போனால் அது களப்பில் போய்த்தான் படியும். கான் வெட்டுகிறவர்களுக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

சரி, அந்தக் கரையில் நாங்கள் என்ன பார்த்தோம்? பிள்ளைக்காம்பரா அம்மாமார் சிலரோடு சேர்ந்து சிலாபத்துக்குப் பக்கத்தில் பம்பல என்ற இடத்துக்குப் போயிருந்தோம். அங்கே கண்டல் காடு இருக்கிறது. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற சேற்றில் வளரும் மரங்கள். சிங்களத்தில் கடோல் என்பார்கள். நமது நாட்டில் இப்படி 20க்கும் மேற்பட்ட வகை மரங்கள் இருக்கின்றன. பம்பலையில் சுதீச என்னும் சிறு மீனவர் அமைப்பு, கண்டல் காட்டுக்கென்றே ஓர் அரும்பொருட்சாலை வைத்திருக்கிறது. 2016 ஜூலை 26 அன்று திறந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் வந்து பார்த்துப் படிக்கும் இடம் அது. பக்கத்திலேயே நாற்றுமேடை. நமது நர்சரியில் தேயிலைக் கன்று வைக்கிற மாதிரியே கறுப்புப் பொலித்தீன் பைகளில் கண்டல் கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. எங்களோடு வந்த ஒரு அக்கா, "இதென்ன, நம்ம நர்சரிய இங்க கொண்டாந்து வச்சிருக்காங்க" என்று சிரித்தார்.

கண்டல் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பிள்ளைகளுக்கு இயற்கையைச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று எங்களுக்குப் புரிய வைத்ததே அந்த மரம்தான்.

கண்டலின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடுகிறது. காய் விழுந்து, மண்ணில் கிடந்து, மழை பெய்து முளைக்கும் என்றுதானே நமக்குத் தெரியும்? இது அப்படியில்லை. தாய் மரத்தில் தொங்கிக்கொண்டே நீண்டு வளர்கிறது, பார்க்க முருங்கைக்காய் மாதிரி இருக்கும். நன்றாக வளர்ந்த பிறகுதான் தாயை விட்டுக் கீழே விழுகிறது. சேற்றில் நட்டுக்குத்தி நிற்கலாம், அல்லது தண்ணீரில் மிதந்து போய் வேறோர் இடத்தில் கரை தட்டி வேர் விடலாம். உப்புச் சேற்றில் சின்ன விதை பிழைப்பது கஷ்டம், அதனால் பிள்ளையை ஓரளவு வளர்த்துத்தான் வெளியே அனுப்புகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைக் கதையாகச் சொன்னால் ஆயுசுக்கும் மறக்காது.

கண்ணா என்று இன்னொரு மரம். அதன் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். வேர் வழியாக ஏறிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சேற்றுக்குள் காற்று இல்லாததால் அதன் வேர்கள் பென்சில் பென்சிலாக மேலே எழும்பி நின்று மூச்சு விடுகின்றன. இப்படிப்பட்ட விஷயத்தைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. கரையில் நின்று நக்கிப் பார்த்தால் பாடம்.

அந்த வேர்களுக்கு நடுவில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் நண்டும் ஒளிந்து வளர்கின்றன. காடு இருந்தால் களப்பில் மீன் இருக்கும், மீன் இருந்தால் மீனவன் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் 1980களிலிருந்து புத்தளம், சிலாபம் பக்கத்தில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டலை வெட்டிக் குளம் தோண்டினார்கள். கொஞ்ச காலம் நல்ல காசு. 1990களில் வெள்ளைப் புள்ளி நோய் வந்து இறால் கூட்டம் கூட்டமாகச் செத்தது. பல குளங்கள் அப்படியே கைவிடப்பட்டன. காடும் போனது, இறாலும் போனது.

பிறகு என்ன செய்தார்கள்? நட்டார்கள். முக்கியமாக 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாடு முழுவதும் பல அமைப்புகள் கண்டல் நட்டன. இங்கேதான் நாங்கள் சொல்ல வந்த முக்கியமான சங்கதி இருக்கிறது, பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள்.

ருகுணு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, அப்படி நட்ட 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். 2017இல் அதை வெளியிட்டார்கள். 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில், ஒழுங்காக வளர்ந்து நின்றது 200, 220 ஹெக்டேர் அளவுதான். 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. நட்டதில் பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. இதில் முதல் இரண்டும் நாம் பேசுகிற புத்தளம் மாவட்டத்துக் கரை.

ஏன் மற்ற இடங்களில் செத்தது? கண்ட இடத்தில் ஒரே வகைக் கன்றைக் குத்தினார்கள். எந்த உயரத்தில் தண்ணீர் ஏறி இறங்கும் என்று பார்க்கவில்லை. மாடு மிதித்தது, மேய்ந்தது. பாசி மூடியது. பூச்சி அரித்தது. போய்ப் பார்க்க ஆளில்லை. நட்ட பிறகு கவனித்த இடங்களில் கன்று பிழைத்தது, கவனிக்காத இடங்களில் செத்தது என்றுதான் அந்த ஆய்வு சொல்கிறது. நமது கவ்வாத்துக்காரரிடம் கேட்டிருந்தாலே இதைச் சொல்லியிருப்பார். கன்று வைத்த மலையை இரண்டு மூன்று வருஷம் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கரையோர வேலைக்குப் பிற்பாடு பெயரும் கிடைத்தது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை, உலகத்தில் இயற்கையை மீட்டெடுக்கும் சிறந்த வேலைகளில் ஒன்றாக இலங்கையின் கண்டல் மீளாக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. சந்தோஷம்தான். ஆனாலும் 23 இடத்துக் கணக்கைத்தான் நாங்கள் அதிகமாக நினைத்துக்கொள்கிறோம்.

ஏனென்றால் பாடசாலைத் தோட்டங்களுக்கும் இதே கதிதான் பல இடங்களில் நடக்கிறது. சுற்றாடல் தினம் ஜூன் 5 வரும். விருந்தாளி வருவார். மாலை போடுவார்கள், மரக்கன்று நடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அடுத்த வருஷம் அதே குழியில் இன்னொரு கன்று. எங்கே என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். அந்த மாதிரித் தோட்டத்தால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று, செடி என்பது போட்டோவுக்கு நிற்கிற சாமான் என்று.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

பாடசாலைத் தோட்டம் நமது நாட்டில் புதிது அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில், 1900களின் தொடக்கத்திலேயே நாட்டுப்புறப் பாடசாலைகளில் தோட்டம் போட வைத்தார்கள். ஆனால் தோட்டப்புறப் பிள்ளைகளின் கதை வேறு. இங்கே 1970களில் அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கும் வரையில், பெரும்பாலும் ஒரே வாத்தியார், ஒரே அறை. படிப்பு முடிந்தால் மலைக்குப் போ என்பதுதான் ஏற்பாடு. பிள்ளை கையில் மம்பட்டியைக் கண்டால் பெற்றவர் வயிறு எரிகிறதென்றால் அந்த ஞாபகம்தான் காரணம். அதனால் சில நிபந்தனைகளை நாங்கள் அதிபரிடம் முதலிலேயே பேசியிருக்கிறோம். சேட்டை செய்த பிள்ளையைப் புல் பிடுங்கவிடுவது கூடாது. ஆசிரியர் விடுதிக்கு மரக்கறி வளர்க்கப் பிள்ளைகள் கூலியாட்கள் இல்லை. மண் வெட்டுவது, கல் புரட்டுவது, வேலி அடிப்பது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் விதைப்பார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள், அளப்பார்கள், எழுதுவார்கள், பறிப்பார்கள், தின்பார்கள். அதிபர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார், அதற்காக அவருக்கு நன்றி.

இது படிப்புக்கு வெளியே இருக்கிற காரியமும் அல்ல. 1990களின் கடைசியில் ஆரம்பக் கல்வியை மாற்றியபோது, 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடத்தையே வைத்துவிட்டார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கே அது உண்டு. போஞ்சிக் கொடி இன்றைக்கு எத்தனை விரற்கடை, போன கிழமை எத்தனை என்று கழித்துப் பார்த்தால் அது கணக்கு. அதைக் கொப்பியில் இரண்டு வசனமாக எழுதினால் தமிழ். கொழும்பில் பெரிய பாடசாலையில் படிக்கிற பிள்ளைக்குத் தகரப் பேணியில் பச்சைப்பயறு முளைக்க வைத்துத்தான் இதைக் காட்ட முடியும். நமது பிள்ளைக்கு வாசலைத் தாண்டினால் மலை இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறோம். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த இந்தப் பிள்ளைகளில், தேயிலைப் பூவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள்... நான்கு பேர். வெட்டாமல் விட்டால் தேயிலை ஒரு மரமாக உயர்ந்துவிடும், வெள்ளைப் பூப் பூக்கும், காய் காய்க்கும். நாம் கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறித்து, அதை இடுப்பு உயரத்திலேயே வைத்திருக்கிறோம். அம்மா அப்பா தினமும் செய்கிற வேலைக்குள் இவ்வளவு விஞ்ஞானம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால், அந்த வேலையைப் பார்த்து வெட்கப்படாது. அந்த வேலைக்கே போக வேண்டும் என்றும் இல்லை. டொக்டராகட்டும், வாத்தியாராகட்டும். தெரிந்துகொண்டு போகட்டும்.

இன்னொரு காரணம் வயிறு. 2016இல் அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் மட்டும் 32 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2022இல் சாமான் விலை ஏறிய காலத்தில் லயத்தில் என்ன சமைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும், உங்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். பாடசாலைத் தோட்டத்து நான்கு பாத்தியால் இது தீர்ந்துவிடாது. அப்படிச் சொன்னால் பொய். சம்பளமும் சாமான் விலையும் தீர்க்க வேண்டிய விஷயம் அது. ஆனால் தான் வளர்த்த கீரையைப் பிள்ளை தின்னும். வீட்டில் தட்டை ஒதுக்கி வைக்கிற பிள்ளை, பாடசாலையில் தன் பாத்தியில் பறித்ததை அடித்துப் பிடித்துத் தின்பதைப் பிள்ளைக்காம்பராக்களில் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முதலில் சீக்கிரம் வருவதைப் போட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொறுமை குறைவு. முள்ளங்கி ஏறக்குறைய ஒரு மாதத்தில் பிடுங்கலாம். கீரையும் அதே கணக்குத்தான். போஞ்சிக்கு இரண்டு மாதம் பக்கம் ஆகும், அது மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு. கரட், லீக்ஸ் எல்லாம் பிறகு பார்க்கலாம். ஒரு ஓரத்தில் வல்லாரை. முளைத்த தேங்காய் ஒன்றும் வைக்கப்போகிறோம். இந்தக் குளிரில் அது காய்க்காது, தெரியும். தேங்காய்க்குள் இருக்கும் பருப்பு, நாம் அரைத்துக் கறிக்கு விடுவதற்காக மரம் செய்து வைத்ததில்லை, தன் முளைக்குக் கட்டிக் கொடுத்த சோறு என்று காட்டுவதற்கு. கண்டல், தேங்காய், முள்ளங்கி என்று மூன்று விதையின் கதையையும் சொல்லிவிட்டால், தாய் தன் பிள்ளையை எத்தனை விதமாக அனுப்பி வைக்கிறாள் என்று பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

உரம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கற்பிட்டியில் நிலம் வெறும் மணல். கிணற்றில் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட உரம் மணலுக்குள் இறங்கி, கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்றாகக் கலந்திருப்பதை ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கவும் வேண்டும். நமக்கென்ன, நாம் மலையில் இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். நமது பீலி எங்கே இருக்கிறது? மலைக்குக் கீழே. பாடசாலைத் தோட்டத்துக்குத் தேயிலைச் சக்கை, மரக்கறித் தோல், மாட்டுச் சாணம், காய்ந்த இலை போதும், மக்க வைத்துப் போடுவோம். மருந்து அடித்த கேன், போத்தல் எதையும் தண்ணீர் ஊற்றப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. எத்தனை தரம் கழுவியிருந்தாலும் கூடாது. சிரட்டையில் கன்று வைப்பதாக இருந்தால் அடியில் ஓட்டை போடுங்கள், தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்குத்தான் நாற்றுமேடை போட்டதாகும்.

நிலத்தைப் பற்றிச் சிலருக்குச் சந்தேகம் இருக்கிறது. வாய்ச்சொல்லில் கொடுத்த துண்டு நிலத்தைப் பண்படுத்தி முடித்த பிறகு திரும்ப எடுத்துக்கொண்ட கதைகள் நமது பகுதிகளில் உண்டு. அதனால் இந்த முறை கடிதமாகக் கேட்டு வாங்கியிருக்கிறோம். பிரதி அதிபரிடமும் இருக்கிறது, எங்களிடமும் இருக்கிறது. பாடசாலைக்குப் பின்னால், பீலிக்குப் போகும் பாதைக்கு மேல்பக்கம். சரிவு கொஞ்சம் கூட. கான் வெட்டிக் கல் அடுக்கித்தான் பாத்தி போட வேண்டும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க மாட்டோம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, நிலத்தில் புதிதாக வெடிப்பு விழுந்திருக்கிறதா, மரம் சாய்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டும். குளவிக் கூட்டைக் கண்டால் கல்லெறியாமல் வந்து சொல்லவும்தான்.

இனி மிச்சம் உங்கள் கையில். வருகிற இரண்டாம் சனிக்கிழமை பின்னேரம் சிரமதானம். மம்பட்டி, கத்தி இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள். பழைய சாக்கு, வேலிக்கு மூங்கில் இருந்தாலும் நல்லது. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் அவிழ்த்துவிட வேண்டாம். கண்டல் கன்றுக்கு என்ன நடந்தது என்று இப்போதுதான் கேட்டீர்கள்.

பாடசாலை லீவு விட்டால் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதுதான் பெரிய கேள்வி. அந்த மூன்று, நான்கு கிழமைக்குள் எல்லாம் காய்ந்துவிடும். லயத்துக்கு இரண்டு குடும்பம் வீதம் முறை போட ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். மேல் லயத்தில் ஐந்து குடும்பம் இப்போதே பெயர் கொடுத்துவிட்டது. கீழ் லயத்தில் இன்னும் ஒருவரும் கொடுக்கவில்லை, அங்கேதான் தண்ணீர் பக்கம். கொப்பி பிள்ளைக்காம்பரா அம்மாவிடம் இருக்கிறது. வாசலில் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள், குடித்துவிட்டுப் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.